நகைப்பு திருத்தாது



கிள்ளானில் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி சுற்றுலா வழிகாட்டிப் பயிற்சி பெறுகிறாள். அண்மையில் பத்துமலையில் ஆங்கிலத்தில் விளக்கிப் பழகியபோது "272 ஸ்டெப்" என்றாள். 2006ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட முருகன் சிலையைப் பற்றி "தே ஓப்பன்" என நிகழ்காலத்தில் கூறினாள். உடன் பயில்வோர் நகைத்தனர். அதன்பின் அவள் வாய் திறக்கவில்லை.

இப்பிழைகளுக்குக் காரணம் உண்டு. எண்ணுக்குப் பின் மலாய்மொழியில் பன்மை வேண்டியதில்லை. நாமும் "பத்துப் படி" என்கிறோம். நேற்றுக்கும் நாளைக்கும் மலாயில் "பெர்கி" என்ற ஒரே வினைதான். ஆனால் தமிழ் வினை போனேன், போகிறேன், போவேன் எனக் காலம் காட்டும். "முதலில் தமிழில் சொல், திறந்தார்கள் என்றால் ஆங்கிலத்திலும் இறந்தகாலம் வை" என்றேன். உடனே புரிந்துகொண்டாள்.

பிழையைத் திருத்தத்தான் வேண்டும். எனினும், 42.7 மீட்டர் உயரச் சிலையின் அளவைத் தவறாகச் சொன்னால் பயணி ஏமாறுவார். ஓர் 'எஸ்' விடுபட்டால் ஏமாறமாட்டார். நகைப்போ எதையும் திருத்தாது. பேச வந்த பிள்ளையின் வாயைத்தான் அடைக்கும்.

வரும் ஞாயிறன்று அவளோடு நானும் படியேறுகிறேன், பயணியாக.