வவுனியா கேட்பது

“வளாகந்தானே!” என்று உதடு பிதுக்குவோர் இன்றும் உளர். கொழும்பின் கதையை அவர்கள் மறந்தனர் போலும்! 1921-இல் அங்கு அமைந்த பல்கலைக்கழகக் கல்லூரி மாணவரை ஆயத்தம் செய்தது. பட்டம் வழங்கியதோ இலண்டன்! 1942-இல்தான் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. யாழ்ப்பாணமும் 1974-இல் வளாகமே. தனிப் பல்கலைக்கழகம் ஆனது 1979-இல்.

வவுனியா நடந்த வழி இவற்றினும் கடிது. போர் மூண்டிருந்த 1991-இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிற்று. 1997-இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிற்று. வியாபாரக் கற்கைகள், பிரயோக விஞ்ஞானம் என இரண்டே பீடங்கள். தாய் நிறுவனம் வடக்கே, பிள்ளை தெற்கே, இடையில் போர்க்களம்! ஏ-9 சாலை அடைபட்டுக் கிடந்த அந்நாளில் ஒரு வளாகத்தை நடத்துவதென்றால் என்ன பாடு என்பதைத் தலைநகரத்து மேசைகள் அறியுமா?

2021 ஆகஸ்ட் 1-இல் அது வவுனியாப் பல்கலைக்கழகமாயிற்று. முப்பது ஆண்டுக் காத்திருப்பு! மகிழ்ந்தோம், மறுக்கவில்லை. ஆனால் பெயர்ப்பலகை மாறியதோடு தன் கடன் தீர்ந்ததெனத் திறைசேரி கருதுமாயின், அதற்கு நாம் உடன்படோம். விடுதியும் ஆய்வுகூடமும் விரிவுரையாளரும் வன்னி உழவரின் பிள்ளைகளுக்கு இடப்படும் பிச்சையா? வரி கொடுப்போரின் உரிமையன்றோ!

தோழர்களே, அடுத்த வரவு செலவுத் திட்டம் வரும்போது உங்கள் உறுப்பினரை மறித்துக் கேளுங்கள்: பம்பைமடுவுக்கு எவ்வளவு?