அளவறிந்து காப்போம்



விஸ்வநத்தத்தைச் சுற்றிலும் பட்டாசு ஆலைகள். அருகிலேயே சிவகாசியின் அச்சகங்கள். பற்பல ஊர்ச் சுவர்களை அலங்கரிக்கும் நாட்காட்டிகள் இங்கேதான் அச்சாகின்றன. தங்கள் பள்ளிவாசலின் தொழுகை நேர நாட்காட்டியை அச்சிட ஒரு ஜமாஅத்தார் இங்கு வந்தனர். புதிதாகக் கட்டுவதற்காக இடிக்கப்பட்ட பழைய பள்ளிவாசலின் படத்தை அதில் இடம்பெறச் செய்ய வேண்டுமென்பது அவர்களது ஆசை. கைப்பேசியிலிருந்த படத்தைப் பார்த்த அச்சகத்தார், "இது மிகச் சிறிய கோப்பு, மூலப்படம் வேண்டும்" என்றார். மூலப்படம் எங்கே? "இடம் நிறைந்துவிட்டது" என்று கைப்பேசி சொன்னபோது அழித்துவிட்டார்களாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி மட்டுமே மிஞ்சியது. கட்டடமும் போயிற்று, அதன் தெளிவான படமும் போயிற்று.

அளவு தெரியாமையால் வந்த இழப்பு இது. அந்த அளவைதான் என்ன?

நம் முன்னோர் 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி என்று அளந்தார்கள். ஆக, 8 ஆழாக்கு சேர்ந்தால் 1 படி. கணினியின் அளவையும் இதே போன்றதுதான். 'உண்டு', 'இல்லை' என்னும் இரண்டில் ஒன்றைக் குறிப்பது பிட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆயிரம் பைட் கிலோபைட். ஆயிரம் கிலோபைட் மெகாபைட். ஆயிரம் மெகாபைட் ஜிகாபைட்.

ஆனால், கணினிக்கு இயல்பானது இரட்டிக்கும் கணக்கு. 1ஐப் பத்து முறை இரட்டித்தால் 1024 வரும். ஆகவே 1024 பைட்டையும் கிலோபைட் என்றே அழைத்துவந்தனர். 64 ஜிகாபைட் என்று விலை கொடுத்து வாங்கிய நினைவட்டையைச் சில கணினிகள் 59.6 என்று காட்டுவது இதனால்தான். வணிகர் எண்ணுவது ஆயிரக்கணக்கில். கணினி எண்ணுவது 1024 கணக்கில். இக்குழப்பத்தைத் தீர்க்க 1998இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 பைட்டுக்குக் கிபிபைட் எனத் தனிப்பெயர் சூட்டியது. அளவையில் மோசடி செய்வோரைத் திருமறையின் 83ஆவது அத்தியாயம் கடுமையாக எச்சரிக்கிறது. அதே அக்கறையோடு, அளவை இன்னதென்று அறியாமல் ஒருவரை மோசடிக்காரர் என்று பழிக்காமலிருப்பதும் நம் கடமையன்றோ?

இனி, எது எவ்வளவு இடம் கொள்ளும் என்று பார்ப்போம். எழுத்து மிகச் சிக்கனமானது. 'மஸ்ஜித்' என்னும் சொல், இன்று பரவலாக வழங்கும் யூனிகோட் முறையில், தமிழில் 21 பைட். அரபியில் 8 பைட். படமோ அப்படியன்று. 4000க்கு 3000 என்னும் அளவுள்ள படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் என்றால் 36 மெகாபைட். கைப்பேசி அதைச் சுருக்கிச் சில மெகாபைட்டுகளில் வைக்கிறது. காணொளியோ, எடுக்கும் தரத்தைப் பொறுத்து, நிமிடத்திற்கு 100 மெகாபைட்டையும் தாண்டக்கூடும்.

அச்சில் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் இருந்தால்தான் படம் தெளிவாக விழும். அந்த மூலப்படம் 13 அங்குல அகலத்திற்குத் தாங்கும். அதுவே 1600க்கு 1200 என்று சுருங்கிவிட்டால் 5 அங்குலத்திற்குத்தான் போதும். சுருங்கும்போது உதிர்ந்த புள்ளிகள் உதிர்ந்தவையே. பிறகு பெரிதாக்கினாலும் திரும்பா.

ஆகவே, சகோதரிகளே, கைப்பேசி நிறைந்துவிட்டால் பதறிப்போய்ப் படங்களை அழிக்காதீர்கள். அமைப்புகளில் சேமிப்பகம் என்னும் பகுதியைத் திறந்து, எது எவ்வளவு இடம் கொண்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். யாரோ அனுப்பிய காணொளிகளை நீக்கினால், உங்கள் வீட்டுப் படங்களுக்கு இடம் கிடைத்துவிடும். முக்கியமான படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'ஆவணம்' என்னும் வழியில் அனுப்புங்கள், அது சுருங்காது. மூலத்தை வேறோர் இடத்திலும் பிரதியெடுத்து வையுங்கள்.

இடிந்த பள்ளியை மீண்டும் கட்டிவிடலாம். அதன் பழைய தோற்றத்தை மீண்டும் படமெடுக்க இயலாது. அடுத்த தலைமுறைக்கென நம்மிடம் உள்ள இத்தகைய அமானிதங்களை அளவறிந்து காப்போம், இன்ஷா அல்லாஹ்.