ஸ்கேனிடம் கேட்கத் தகாத கேள்வி



கர்ப்பவதி ஒருத்தி ஸ்கேன் எடுத்துத் திரும்பியதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வியை நீங்கள் அறிவீர்கள். "குழந்தையின் இருதயம் நன்றாயிருக்கிறதா?" என்பதல்ல, "என்ன பிள்ளையாம், ஏதாவது சொன்னார்களா?" என்பதே. அதே வீட்டில், ஐந்தாம் மாத ஸ்கேனைத் தவறவிடாதீர்கள் என்றால், "கர்த்தர் பார்த்துக்கொள்வார், இதெல்லாம் அவிசுவாசம்" என்ற பதிலும் வருகிறது. கேட்கத் தகாததை ஆவலோடு கேட்கிறோம். கேட்கவேண்டியதை விசுவாசத்தின் பெயரால் தள்ளிவிடுகிறோம்.

பட்டினச்சேரி ஜனங்களுக்கு இந்தக் கருவி புதிதல்ல. நம் விசைப்படகுகளிலுள்ள எக்கோ சவுண்டர், ஒலியைக் கீழே அனுப்பித் திரும்பிவரும் எதிரொலியால் ஆழத்தையும் மீன்கூட்டத்தையும் காட்டுகிறது. கர்ப்பப்பையை நோக்குவதும் அவ்வாறான ஒலியே. கிளாஸ்கோ நகர மருத்துவர் இயன் டொனால்ட், உலோகத்தின் வெடிப்பைக் கண்டறியும் தொழிற்சாலைக் கருவியைக் கொண்டு சோதனைகள் செய்து, 1958-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். அவர் பக்தியுள்ள கிறிஸ்தவர். எக்கோ சவுண்டரை அவிசுவாசம் என்று கரையில் இறக்கிவைத்த படகு எது?

முதல் மூன்று மாதங்களில் கருவின் வயது, துடிப்பு, ஒன்றா இரட்டையா என்பவை தெரியும். பதினெட்டு முதல் இருபத்திரண்டு வாரங்களுக்குள் மூளை, முதுகெலும்பு, இருதய அறைகள், சிறுநீரகங்கள், கைகால்கள் ஆகியவற்றை நிதானமாகப் பார்க்கிறார்கள். பிந்திய மாதங்களில் வளர்ச்சி, பனிக்குட நீர், நஞ்சுக்கொடி இருக்கும் இடம். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் வாயை மூடிக் கிடந்தால் தாய்க்குக் கடும் இரத்தப்போக்கு நேரிடலாம். முன்னரே அறிந்தால் இரத்தமும் அறுவைச் சிகிச்சையும் ஆயத்தமாயுள்ள இடத்துக்குப் போகலாம். இருதயக் குறை உண்டென்று தெரிந்தால், பிறந்தவுடன் கவனிக்கக்கூடிய மருத்துவமனையில் பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம். ஸ்கேன் எல்லாக் குறையையும் காட்டிவிடாது என்பதும் மெய்யே. அதற்காகக் காட்டுவதையும் காணாதிருப்பதா?

இனி அந்த மற்றக் கேள்விக்கு வருவோம். கருவின் பாலினத்தைச் சொல்வதும் கேட்பதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பாலினத் தெரிவுக்காக நாடிச் செல்கிறவர்களுக்கு மூன்று ஆண்டுவரை சிறையும் 50,000 ரூபாய்வரை அபராதமும் உண்டு. கர்ப்பிணியைக் கணவனோ உறவினரோ வற்புறுத்தினார்கள் என்றே அச்சட்டம் அனுமானிக்கிறது. அவ்வாறில்லை என்று நிரூபிப்பது அவர்கள் பாடு. இந்த நாட்டின் வீடுகளை நன்றாய் அறிந்தவர்கள் எழுதிய வரி அது! 1991-இல் ஆறு வயதுவரையுள்ள ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்கு 945 பெண் பிள்ளைகள் இருந்த இந்தியாவில், 2001-இல் 927 பேரே இருந்தார்கள். "நாங்கள் கலைக்கவா போகிறோம், அறியும் ஆசைதானே" என்கிறீர்கள். அந்த ஆசைக்குப் பதில் கிடைத்த நாள்முதல் மருமகளின் தட்டில் விழும் சோறு மாறுவதில்லை என்று சொல்லத் துணிவீர்களா? பாலினத்தை நிர்ணயிப்பது தகப்பனின் வித்து என்று பள்ளிப் பிள்ளையும் படிக்கிறது. பழிமட்டும் இன்றும் தாயின்மேல்.

ஐந்தாம் மாதத்தில் வந்து, "ஐயா, ஆண் பிள்ளைக்காக ஜெபியுங்கள்" என்று கேட்பவர்களுக்கு வெளிப்படையாய்ச் சொல்லுகிறேன்: அந்த ஜெபத்தை நான் ஏறெடுப்பதில்லை. ஸ்கேன் அறிக்கையைக் கொண்டுவாருங்கள். நஞ்சுக்கொடி தாழ்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தால் அதற்காக முழங்காற்படியிடுவோம். எந்த ஆஸ்பத்திரி, இரத்தம் கொடுப்பவர் யார், நள்ளிரவில் வண்டி எவருடையது என்பதையும் அன்றைக்கே பேசி முடிப்போம்.