தலைக்கு இவ்வளவு வாடகை

கும்மிடிப்பூண்டி சிப்காட் சுத்துவட்டாரத்துல ரூம் கட்டி வாடகைக்கு விடறவங்க யாராவது இதைப் பார்த்தா, தயவுசெய்து முழுசா படிங்க. கொஞ்சம் நீளமான த்ரெட். உங்களைத் திட்டறதுக்காக எழுதல.

எனக்குச் சொந்த ஊர் பள்ளிப்பட்டு. அங்கிருந்து கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு வர்ற நம்ம பசங்களே ரூம் தேடி அலையறாங்க. "பேச்சுலரா? என்ன ஆளுங்க? கறி சமைப்பீங்களா?" இத்தனைக்கும் ஒரே மாவட்டம். பேச்சுல லேசா தெலுங்கு வாடை அடிச்சாலே ஓனர் முகம் மாறுது. அப்போ ஒடிசாவுல இருந்தோ பீகார்ல இருந்தோ வர்றவனுக்கு?

அவனுக்கு இடம் கிடைச்சிடும். வீடு கிடைக்காது. பத்துக்குப் பத்து ரூம், தலைக்கு இவ்வளவுன்னு வாடகை. தலைக்கு ஆயிரம்னு வச்சுக்குவோம். எட்டு பேர் இருந்தா எட்டாயிரம். ஒரு குடும்பத்துக்கு விட்டா அந்த ரூமுக்கு இவ்வளவு வருமா? நைட் ஷிஃப்ட் முடிச்சு ஒருத்தன் வந்து படுக்க, அதே பாயில இருந்து இன்னொருத்தன் எழுந்து வேலைக்குப் போறான். இருக்கறது ஒரே ஜன்னல், அதுவும் கொசுவுக்காக எப்பவும் மூடியே கிடக்கும்.

இதுல டாக்டருக்கு என்ன வேலைன்னு கேக்கலாம்.

சொறி சிரங்கையே எடுத்துக்குவோம். கூடத் தங்குற எல்லாரும் ஒரே நாள்ல கழுத்துல இருந்து கால் வரைக்கும் மருந்து தடவணும், துணி போர்வை எல்லாத்தையும் சுடுதண்ணியில துவைக்கணும். மூணு ஷிஃப்ட்ல வேலை பாக்குற எட்டு பேர் எந்த நாள்ல ஒண்ணா இருப்பாங்க? ஒருத்தனுக்கு மட்டும் களிம்பு கொடுத்து அனுப்பினா அடுத்த மாசம் அதே அரிப்போட திரும்ப ஓபிக்கு வருவான்.

காசநோய் இதைவிட மோசம். அது காத்துல பரவுது. காத்து ஓடாத ரூம்ல ஒருத்தர் இருமினா மத்த ஏழு பேரும் அதையேதான் சுவாசிக்கணும். வழக்கமான சிகிச்சை ஆறு மாசம். மாத்திரை இலவசம். சத்துணவுக்காக பேங்க் கணக்குல மாசம் 1000 ரூபா வருது (2024 நவம்பருக்கு முன்னாடி 500). கூடத் தங்குறவங்களுக்கும் பரிசோதனை உண்டு, நோய் இல்லைன்னா தடுப்பு மாத்திரையும் உண்டு. எல்லாம் இருக்கு. ஆனா இது எல்லாத்துக்கும் நோயாளி எங்க தங்கியிருக்கான்னு எங்களுக்குத் தெரியணும்.

விஷயம் தெரிஞ்சதும் ஓனர் "நாளைக்கே காலி பண்ணு"ன்னுடறார். அவர் பயம் எனக்குப் புரியுது, அவர் வீட்டுலயும் குழந்தைங்க இருக்கும். ஆனா காலி பண்ணினவன் எங்க போவான்? அடுத்த தெருவுல இன்னொரு ரூம்ல ஒன்பதாவது ஆளா போய்ப் படுப்பான், மாத்திரையும் நின்னுடும். எங்க பணியாளர் பழைய அட்ரஸ்ல போய் நின்னா "அப்படி யாரும் இல்லீங்க"ன்னு பதில் வரும். சரியா மாத்திரை சாப்பிடறவன்கிட்ட இருந்து பரவுறது பொதுவா சில வாரத்துலயே ரொம்பக் குறைஞ்சிடும் (மருந்துக்குக் கட்டுப்படாத வகை வேற கதை). பாதியில விட்டவனாலதான் தெருவுக்கே ஆபத்து.

இப்போ சிங்கப்பூருக்கு வருவோம். 2020ல கொரோனா அங்க வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளைத்தான் புரட்டிப் போட்டுச்சு. அந்த வருஷக் கடைசிக்குள்ள விடுதியில இருந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்குத் தொற்று வந்துட்டுப் போயிருந்தது. அதுல நம்ம ஊர் ஆளுங்க எத்தனை பேர்! "எங்க பசங்களை மாட்டுக் கொட்டகை மாதிரி அடைச்சு வச்சிருக்காங்களே"ன்னு இங்க நாம கோவப்பட்டோம், நியாயமான கோவம். அதுக்கப்புறம் 2021ல அந்த அரசு, புதுசா கட்டுற விடுதியில ரூமுக்கு 12 பேருக்கு மேல கூடாது, ஆளுக்கு குறைஞ்சது 4.2 சதுர மீட்டர் வேணும்னு விதி போட்டாங்க. நம்ம கணக்குல சுமார் 45 சதுர அடி. பத்துக்குப் பத்துல எட்டு பேருக்கு ஆளுக்குப் பன்னிரண்டரை.

ஓனரை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். ஒப்பந்தக்காரர் கூட்டிட்டு வர்ற வெளிமாநிலத் தொழிலாளிக்கு அவர்தான் தங்க இடம் தரணும்னு 1979 சட்டத்துலயே இருந்தது. வல்லம் வடகால்ல சிப்காட் 18,720 பேர் தங்குற விடுதி கட்டி 2024ல திறந்தாங்க, பெரும்பாலும் பெண் தொழிலாளர்களுக்கு. நல்ல விஷயம். முடியாத வேலை இல்லன்னு தெரியுது. கும்மிடிப்பூண்டி பக்கமும் வேணும், பசங்களுக்கும் வேணும், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சேர்த்து வேணும்.

அதுவரைக்கும் ஓனர்களுக்கு. வாடகை ஒப்பந்தத்தை எழுத்துல போடுங்க, 2019ல இருந்து நடைமுறையில இருக்கற வாடகைச் சட்டமும் அதைத்தான் சொல்லுது. அந்தத் தாள் இருந்தா அவனுக்கு ஒரு விலாசம், எங்களுக்கும் அவனைத் தேட ஒரு வழி. ரூம்ல யாருக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா காலி பண்ணச் சொல்லாதீங்க, பக்கத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்க. சளி டெஸ்டுக்குக் காசு இல்ல. வெளிமாநில ஆதாரா இருந்தாலும் பார்ப்போம். சந்தேகம்னா 104, இல்லைன்னா காசநோய் உதவி எண் 1800 11 6666. அவங்க ஹிந்தியிலயும் பேசுவாங்க.

அப்புறம் அந்த ஜன்னல். கொசுவலை அடிச்சுக் கொடுத்துட்டா திறந்தே வைப்பாங்க. ஒரு ஆளோட ஒரு மாச வாடகைகூட ஆகாது.