குறுக்கு வழி குற்றமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிதம்)

'குறுக்கு வழி' என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலர் முகம் சுளிப்போம். குறுக்கு வழியில் பணம் சேர்த்தான், குறுக்கு வழியில் பதவி பிடித்தான் என்றுதானே அச்சொல்லைப் பழகியிருக்கிறோம்! ஆனால் இராசபாளையத்தில் எங்கள் தெருவில் வந்து கேட்டுப் பாருங்கள். மில் சங்கு ஊதப் பத்து நிமிடம் இருக்கையில் வீட்டை விட்டுக் கிளம்பும் என் தாயார் சாலை வழியே சுற்றிப் போவதில்லை. கண்மாய்க் கரையின் ஒற்றையடிப் பாதையில் இறங்கிவிடுவார். அதை இதுவரை யாரும் குற்றம் என்று சொன்னதில்லை.

கணினியில் 'ஷார்ட்கட்' என்று வழங்கும் குறுக்கு விசைகளும் அந்தக் கண்மாய்க் கரைப் பாதையைச் சேர்ந்தவையே என்பது என் கருத்து. அறிவியல் மாணவர், கலை மாணவர் என்ற வேறுபாடின்றி நம் கல்லூரிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முதல் மாதத்திலேயே அவற்றைக் கற்றுத்தர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். 'இது என்ன பெரிய செய்தியா?' என்று சிலர் சிரிக்கலாம். சிரிப்பவர்கள் பெரும்பாலும் வீட்டிலேயே கணினி பார்த்து வளர்ந்தவர்கள் என்பதைக் கடந்த இரண்டு ஆண்டுகளில் கவனித்திருக்கிறேன்.

முதலாமாண்டில் நடந்தது இது. கல்வி உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். வகுப்பு முடிந்ததும் இராசபாளையம் பேருந்தைப் பிடிக்காமல், திருவில்லிபுத்தூர்த் தேரடிப் பக்கம் ஒரு கணினி மையத்துக்குள் நுழைந்தேன். விண்ணப்பத்தில் பாதி நிரப்பியிருப்பேன். சுட்டி, அதாவது மவுஸ், அசையாமல் நின்றுவிட்டது. தட்டினேன், துடைத்தேன், மேசையில் தேய்த்தேன். அம்பு நகரவில்லை. கடைக்காரர் வேறு சுட்டி வாங்கிவரக் கிளம்பிவிட்டார். திரையின் மேல் மூலையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. அந்த உதவித்தொகை இல்லாவிட்டால் அந்தப் பருவத்துக்கான கட்டணத்துக்கு என் தந்தை யாரிடம் கைநீட்டியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

அங்கே வேலை பார்க்கும் ஓர் அக்கா, "மவுஸ் போனாப் போகுது தங்கச்சி, கொஞ்சம் தள்ளி உக்காரு" என்று சொல்லி என் பக்கத்தில் அமர்ந்தார். டேப் விசையைத் தட்டினார்; கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவியது. ஷிப்டைப் பிடித்துக்கொண்டு டேப் தட்டினார், பின்னுக்கு வந்தது. மாவட்டப் பட்டியல் வந்ததும் ஆங்கில 'வி' எழுத்தை மூன்று முறை தட்டினார். வேலூர், விழுப்புரம், விருதுநகர்! நம் மாவட்டம் வந்து நின்றது. உறுதிமொழிக் கட்டத்தில் இடைவெளி விசை, குறி விழுந்தது. கடைசியாக என்டர். ஒப்புகைச் சீட்டு திரையில் வந்தபோது கடைக்காரர் இன்னும் திரும்பவில்லை.

"எப்படிக்கா?" என்றேன். "லோயர், ஹையர் ரெண்டும் முடிச்சிருக்கேன். விரல் சும்மா இருக்காது" என்று சிரித்தார். ஒரு பட்டமும் பெறாதவர் அவர். பிளஸ் டூவில் கணினி அறிவியல் படித்துத் தேர்ந்த நான் அவர் முன் விழித்துக்கொண்டு இருந்தேன்.

இந்நிகழ்ச்சியை வீட்டில் சொன்னபோது என் தாயார் வியக்கவே இல்லை. அவர் நூற்பாலையில் சைடர். ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தில் இழை அறுந்தால், எந்திரத்தை நிறுத்தாமலே நுனியைப் பிடித்து இணைத்துவிடுவார். கண் ஒரு பக்கம் இருக்கும், விரல் வேறு பக்கம் வேலை செய்யும். "புதுசா வர்ற பிள்ளைகளுக்குப் பழைய ஆளு பக்கத்துல நின்னு சொல்லிக் குடுக்கணும்த்தா. தானா எப்படி வரும்?" என்றார். நான் இக்கட்டுரையில் சொல்ல வந்ததை என் தாயார் அன்றைக்கே சொல்லிவிட்டார்! சத்திரப்பட்டியில் விசைத்தறியில் பேண்டேஜ் துணி நெய்யும் என் தந்தைக்கும் இப்படி எத்தனையோ கைப்பழக்கங்கள் உண்டு. அவையெல்லாம் எனக்குக் கிடைத்திருக்கும், நான் தறிக்குப் போயிருந்தால். நான் வந்ததோ கணினிக்கு. இங்கே எனக்குப் பக்கத்தில் நிற்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை.

இந்தக் குறுக்கு விசைகளைக் கண்டவர்களும் வேலை செய்வோரின் கைகளைப் பார்த்துத்தான் கண்டார்கள் என்பதைப் படித்தபோது எனக்குப் பெரிதும் மகிழ்ச்சி. வெட்டு, நகலெடு, ஒட்டு என்னும் மூன்றையும் நமக்குத் தந்தவர்களில் முதன்மையானவர் லாரி டெஸ்லர். 1970-களில் அமெரிக்காவில் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில், டிம் மாட் என்பவருடன் சேர்ந்து ஒரு பாடநூல் பதிப்பகத்துக்காக 'ஜிப்சி' என்ற எழுத்துச் செயலியை உருவாக்கினார். பதிப்பாசிரியர்கள் கத்தரிக்கோலால் தாளை வெட்டிப் பசை தடவி வேறிடத்தில் ஒட்டும் வழக்கமே திரைக்குள் போனது. எக்ஸ், சி, வி என்ற மூன்று எழுத்துகளும் விசைப்பலகையின் கீழ் வரிசையில் அடுத்தடுத்து இருப்பதைக் கவனியுங்கள். வலக்கை சுட்டியில் இருக்க, இடக்கையாலேயே மூன்றையும் தட்டிவிடலாம். பக்கத்திலேயே இசட், செய்ததைத் திரும்பப் பெற. டெஸ்லர் 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மறைந்தார். அவர் பெயரை அறியாமலே அவரது வேலையைச் செய்துகொண்டிருக்கும் விரல்கள் உலகில் எத்தனை கோடி!

அதற்கும் முன்னே, 1968 டிசம்பர் 9 அன்று, சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் தம் சுட்டியை உலகுக்குக் காட்டினார். அவரது வலக்கையில் சுட்டி. இடக்கையின் கீழ் ஐந்தே விசைகள் கொண்ட ஒரு சிறு பலகை. இரண்டு கையும் சேர்ந்து உழைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நாமோ சுட்டியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கையால் கணினியை ஓட்டுகிறோம்.

அன்றாடம் எனக்குப் பயன்படுவனவற்றைச் சொல்கிறேன். ஒரு சொல்லின் மேல் இருமுறை சொடுக்கினால் அச்சொல் முழுதும் தேர்வாகும். மும்முறை சொடுக்கினால் பத்தி முழுதும். முதல் கோப்பைச் சொடுக்கி, ஷிப்டை அழுத்திக் கடைசிக் கோப்பைச் சொடுக்கினால் இடையில் உள்ளவை அனைத்தும் வரும். கண்ட்ரோலை அழுத்திக்கொண்டால் வேண்டியவற்றை மட்டும் பொறுக்கலாம். நூறு பக்கப் பாடக்குறிப்பில் ஒரு சொல்லைத் தேடக் கண்ட்ரோல்-எப். பெயர் மாற்ற எப்-2. இரண்டு சாளரங்களுக்கு இடையே தாவ ஆல்ட்-டேப். தவறுதலாக மூடிவிட்ட இணையப் பக்கத்தை மீட்கக் கண்ட்ரோல்-ஷிப்ட்-டி. இவை எல்லாவற்றையும் மறந்தாலும் கண்ட்ரோல்-எஸ் என்னும் சேமிப்பை மறக்க வேண்டாம். மின்சாரம் நமக்குச் சொல்லிவிட்டுப் போவதில்லை.

கணித மாணவி என்பதால் ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒரு செயலுக்கு மூன்று நொடி மிச்சம், ஒரு நாளில் நூறு செயல் என்று வைத்தால், மிஞ்சுவது ஐந்து நிமிடம். 'ஐந்து நிமிடத்துக்கா இவ்வளவு பேச்சு?' என்று கேட்பீர்கள். நியாயந்தான். ஒரு மணி நேர ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு இருவர் அமர்ந்தால் ஒருவருக்குக் கிடைப்பது முப்பது நிமிடம். அதில் ஐந்து என்பது ஆறில் ஒரு பங்கு. அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. விரல் தெரிந்தவர் கையில்தான் சுட்டி போகும். தெரியாதவர் பக்கத்தில் அமர்ந்து நோட்டில் எழுதிக்கொள்வார். முதல் பருவம் முழுதும் நான் எழுதிக்கொண்டவள்.

இனித் தமிழுக்கு வருகிறேன். நம் நண்பர்களில் பலர் கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். கேட்டால், தமிழில் தட்டச்சு செய்ய நேரமாகும் என்கிறார்கள். உண்மை நேர்மாறானது. 247 எழுத்துகளை ஒரு பொறியில் அடக்குவது எப்படி என்று மலைத்த காலத்தில், யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார். புள்ளியை அடித்தால் பொறி நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் அப்புள்ளியின் கீழ் வந்து அமரும். இந்த நகரா விசையும் ஒரு குறுக்கு வழி அல்லவா? பிறகு, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. இடக்கைப் பக்கம் உயிர் 12, வலக்கைப் பக்கம் பெரும்பாலும் மெய் 18, ஒரு புள்ளி. ஆக 31 விசைகளில் தமிழ் முழுதும் அடங்கிவிடும். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என நான்கே தட்டு. முதல் மகரத்துக்குப் புள்ளியைக் கணினியே வைத்துக்கொள்ளும். எங்கள் ஊர்ச் சொல்லான 'பஞ்சு'வுக்கும் நான்குதான்: ப, ஞ, ச, உ. ஞகரத்துக்குப் பின் சகரம் வந்தால் இடையில் புள்ளி வேண்டும் என்னும் இன எழுத்து இலக்கணம் அதற்குத் தெரிந்திருக்கிறது! பள்ளியில் அந்த இலக்கணத்துக்காக நான் வாங்கிய அடிகளை இங்கே நினைவுகூர்கிறேன். விண்டோசிலேயே இப்போது தமிழ்99 உண்டு. மொழிப் பட்டியலில் ஒருமுறை சேர்த்துவிட்டால், விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையைத் தட்டி மாறிக்கொள்ளலாம்.

'பேசினாலே எழுதித்தரும் கைப்பேசி வந்துவிட்டதே, இனி எதற்குத் தட்டச்சு?' என்று ஒரு தோழி கேட்டாள். அவள் பேசிய இரண்டு பக்கத்தைத் திருத்த அவளுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று திருப்பிக் கேட்டேன். மேலும், அரசுப் பணியில் தட்டச்சர் பதவிக்கு அரசுத் தட்டச்சுத் தேர்வுச் சான்றுதான் கேட்கிறார்களே தவிர, நம் குரலைக் கேட்பதில்லை.

2011-ஆம் ஆண்டு முதல் பள்ளி மாணவர் பலருக்கு அரசு மடிக்கணினி கொடுத்தது. 2025-26-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவித்தார்கள். மிக நல்லது. ஆனால் எங்கள் தெருவில் முன்பு வந்த மடிக்கணினி ஒன்று திரைப்படம் பார்க்க மட்டுமே பயன்பட்டு, இப்போது பரணில் இருக்கிறது. அந்த அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் பக்கத்தில் நிற்க ஆள் இல்லை.

எனவே பேராசிரியப் பெருமக்களிடம் நான் வேண்டுவது இதுதான். முதலாமாண்டு மாணவர் ஆய்வகத்துக்கு வரும் முதல் வாரம், எல்லாச் சுட்டிகளையும் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். வீட்டில் கணினி இருந்தவரும் இல்லாதவரும் அந்த ஒரு வாரமாவது ஒரே வரிசையில் நிற்போம். விசைகளின் பெயரைத் தமிழிலேயே சொல்லிக் கொடுங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் நாங்கள் ஆளுக்கொரு கணினி அருகில் நிற்கிறோம். மதிய இடைவேளையில் வரச் சொன்னாலும் நான் வரத் தயார்.

இக்கட்டுரையைத் தாளில் எழுதிக் கொடுக்காமல் தமிழ்99-இல் நானே அடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையால் எழுதியிருந்தால் ஒரு மாலை. அடிக்க மூன்று மாலை ஆயிற்று. ஒவ்வொரு மாலையும் முந்தியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக அடித்தேன். கடைசி நாளில் விசைகளைக் குனிந்து பார்ப்பது பெரும்பாலும் நின்றுவிட்டது. 'ஔ' மட்டும் எங்கே இருக்கிறது என்று இன்னும் தேடுகிறேன்.