அணைத்துப் போட்டால் போதுமா?

வீட்டுக் கணிப்பொறியில் செய்திச் செயலி ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். தோழனுக்குப் பதில் தட்டிக்கொண்டிருக்கும்போதே அது உறைந்துவிடுகிறது. எங்கே தட்டினாலும் அசைவில்லை. சற்று நேரத்தில் சாளரம் முழுவதும் வெளுத்து, 'பதிலளிக்கவில்லை' என்ற பொருளில் ஒரு வாசகம் மேலே தோன்றுகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

முதலில் கணிப்பொறியை அணைத்துப் போடுவீர்கள். சரியாகவில்லை என்றால் செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவீர்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கடைக்குத் தூக்கிச் செல்வீர்கள். அங்கே பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான்: "ஃபார்மட் அடிச்சிரலாம்."

இந்த முறையை நான் ஏற்கவில்லை. காரணத்தைக் காணும் முன்பே தடயத்தை அழிக்கும் முறை இது. நான் கணிப்பொறி நிபுணன் அல்லன். ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பு வேலை பார்த்து, ஓய்வு பெற்று, கொடைரோட்டில் குடியிருப்பவன். ஆனால் பழுது பார்ப்பதுதான் என் தொழிலாக இருந்தது. அந்தப் பழக்கத்தில் பேசுகிறேன்.

எங்கள் தெருவில் ஓர் அம்மாள் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறார். பூவெல்லாம் நிலக்கோட்டைச் சந்தைக்குப் போகிறது. எந்த நாளில் எத்தனை கிலோ, என்ன விலை, எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் வியாபாரிக்கும் அவருக்கும் இடையே நடந்த செய்திகளில் இருக்கின்றன. தனிக் கணக்கு நோட்டு கிடையாது. அவருடைய பழைய கைப்பேசி கிணற்றில் விழுந்துவிட்டது. ஆகவே பழைய செய்திகள் மகளின் கணிப்பொறியில் மட்டுமே எஞ்சியிருந்தன. அந்தக் கணிப்பொறியில்தான் செயலி உறைய ஆரம்பித்தது. கடையில் வழக்கமான தீர்ப்பைச் சொன்னார்கள். நல்ல வேளையாக, கொடுப்பதற்கு முன் என்னிடம் வந்தார்.

"அண்ணே, ஃபார்மட் பண்ணுனா எல்லாம் போயிருமாமே. ஆறு மாசப் பாக்கி அதுலதான இருக்கு?" என்றார்.

மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். நானும் அவளும் மறுநாள் காலையில் உட்கார்ந்தோம். அதைச் சொல்வதற்கு முன், உறைதல் என்பது என்ன என்று பார்த்துவிடுவோம்.

எங்கள் ரயில் நிலையத்தில் பயணச்சீட்டு தரும் சாளரம் ஒன்றே ஒன்று திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானலிலிருந்து இறங்கி வந்த கூட்டம் வரிசையில் நிற்கிறது. முன்னால் நிற்பவர் சிக்கலான ஒரு பயணத்துக்குச் சீட்டுக் கேட்கிறார். எழுத்தர் தொலைபேசியை எடுத்து வேறோர் அலுவலகத்தின் பதிலுக்காகக் காத்திருக்கிறார். பின்னால் நிற்பவர்களுக்கு என்ன தெரியும்? சாளரம் நின்றுவிட்டது என்பது மட்டும்தான். செயலியிலும் இப்படித்தான். நீங்கள் தட்டும் ஒவ்வொரு தட்டும், அசைக்கும் ஒவ்வோர் அசைவும் ஒரு வரிசையில் சேர்கின்றன. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் கவனிக்க ஒரே ஓர் எழுத்தர் இருக்கிறார். விண்டோஸ் இயங்குதளம் அவரைக் கண்காணிக்கிறது. ஐந்து விநாடி நேரம் அவர் வரிசைப் பக்கம் திரும்பாவிட்டால், 'பதிலளிக்கவில்லை' என்ற பலகையை மாட்டிவிடுகிறது.

எழுத்தர் திரும்பாததற்குக் காரணம் இரண்டில் ஒன்று. அவர் யாருக்காகவோ காத்திருக்கலாம். அல்லது முடிவில்லாத ஒரு கணக்கில் மூழ்கியிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் மருந்து வேறு வேறு.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு. சிக்னலில் கம்பி அறுந்தால், அது தானாகவே 'நில்' நிலைக்குப் போகும்படி அமைத்திருப்பார்கள். பழுதும் ஒரு செய்தியைச் சொல்லும். செயலிகளைச் செய்பவர்களோ, "வட்டில் இடமில்லை", "இணையம் வரவில்லை" என்று ஒரு வரி எழுதிக் காட்டக்கூடப் பல நேரங்களில் மெனக்கெடுவதில்லை. போகட்டும்.

அன்று காலை முதல் வேலையாக, செயலியை மூடிவிட்டு, அது தன் தரவுகளை வைத்திருக்கும் கோப்புறையை அப்படியே பென் டிரைவில் நகலெடுத்தோம். இனி எது நேர்ந்தாலும் ஒரு பிரதி கையில் இருக்கும். பிறகு செயலியைத் திறந்தோம். உறைந்தது. கை வைக்காமல் பார்த்தோம்.

விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்தச் சொன்னேன். அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தது. ஆக, கணிப்பொறி முழுவதும் நிற்கவில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மருத்துவர் நாடி பிடிப்பது போன்றது இது. அதில் செயலாக்கி ஏறக்குறைய சும்மா இருந்தது. நினைவகம் நிரம்பும் நிலையில் இருந்தது. வட்டு மட்டும் நூறு சதவீதத்தில் நின்றது. அதாவது, எழுத்தர் கணக்குப் போடவில்லை, காத்திருக்கிறார்.

யாருக்காக? மாணவி இணையத்தைச் சந்தேகித்தாள். ரௌட்டரின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பார்த்தோம். அப்போதும் உறைந்தது. இணைப்பை மறுபடி கொடுத்தோம். நான் நினைவகத்தைச் சந்தேகித்தேன். அந்தப் பொறியில் இருப்பது 4 ஜிகாபைட்தான். அதற்குள் உலாவியில் ஏகப்பட்ட பக்கங்கள் திறந்து கிடந்தன. எல்லாவற்றையும் மூடினோம். நினைவகம் சற்றுத் தளர்ந்தது. செயலியோ உறைந்தபடியே இருந்தது. என் ஊகமும் தவறு. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டுமே மாற்றினோம், மாற்றியதை நோட்டில் குறித்தோம் என்பதைக் கவனியுங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றியிருந்தால், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

பிறகுதான் அவள் சி டிரைவைத் திறந்து பார்த்தாள். எஞ்சியிருந்த இடம் 150 மெகாபைட்! காலை வணக்கப் படங்களும், பொங்கல் வாழ்த்து வீடியோக்களும், கோயில் திருவிழாக் காட்சிகளும் மூன்று ஆண்டுகளாக வந்து குவிந்திருந்தன. (வணக்கம் சொல்வதில் தவறில்லை. ஆனால் அதற்கு 8 மெகாபைட் வேண்டுமா?)

இடமில்லாமல் போனால் செயலி ஏன் உறைய வேண்டும்? நாம் செய்தியைப் படிக்க மட்டுமே திறக்கிறோம் என்று நினைக்கிறோம். செயலியோ திறந்த கணத்திலிருந்து எழுதிக்கொண்டே இருக்கிறது. எந்தச் செய்தி வந்தது, எது படிக்கப்பட்டது என்று தன் தரவுத்தளத்தில் ஓயாமல் பதிவு செய்கிறது. இது போதாதென்று, நினைவகம் நெருக்கடியாகும்போது விண்டோஸும் வட்டின் ஒரு பகுதியைக் கடனாக எடுத்து நினைவகம்போல் பயன்படுத்துகிறது. வட்டு நிரம்பிவிட்டால் இருவருக்குமே இடமில்லை. எழுத்தர் பேனாவும் கையுமாகக் காகிதத்துக்காகக் காத்து நிற்கிறார்.

வீடியோக்களை இன்னொரு பென் டிரைவில் ஏற்றி, அவை அங்கே திறக்கின்றனவா என்று சோதித்த பிறகு வட்டிலிருந்து நீக்கினோம். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தோம். 14 ஜிகாபைட் இடம் கிடைத்தது. செயலி திறந்தது. ஆறு மாதக் கணக்கும் வரிசையாக வந்து நின்றது. அம்மாளுக்கு முகம் மலர்ந்தது.

இங்கேதான் அந்தப் பெண் என்னை வியக்க வைத்தாள். "மாமா, இடமில்லாததுதான் காரணம்னு எப்படி நிச்சயமாச் சொல்றது? நாம வேற எதையும் தெரியாம மாத்தியிருந்தா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல், இருந்த சில பெரிய கோப்புகளைத் திரும்பத் திரும்ப நகலெடுத்து, வட்டை மறுபடியும் நிரப்பலானாள். தாயார் பதறிப்போனார். "ஏண்டி, சரியானத எதுக்கு மறுபடியும் கெடுக்குற?"

செயலி மறுபடியும் உறைந்தது. நகல்களை நீக்கினாள்; திறந்தது. காரணத்தைக் கொண்டுவந்தால் நோய் வருகிறது, காரணத்தை எடுத்தால் நோய் போகிறது. நிரூபணம் என்பது இதுதான். அணைத்துப் போட்டுச் சரியானதென்று நிம்மதியடைந்தவர்கள் இந்த இடத்துக்கு ஒருநாளும் வந்து சேர்வதில்லை.

பழுது எப்போதும் பொறியிலோ செயலியிலோதான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. வந்த செய்தியிலேயே இருக்கலாம். 2015 ஜூன் மாதம் ஸ்கைப் செயலிக்கு அப்படி நேர்ந்தது. இணைய முகவரிகளின் தொடக்கத்தில் வரும் எச்-டி-டி-பி என்ற நான்கு எழுத்துகள், ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடுகள், மீண்டும் ஒரு முக்காற்புள்ளி. இந்த எட்டுக் குறிகள் மட்டும் அடங்கிய செய்தி ஒன்று வந்தால் போதும். விண்டோஸிலும் கைப்பேசிகளிலும் ஸ்கைப் சரிந்து மூடிக்கொண்டது. மறுபடி திறந்தால் மறுபடி சரிந்தது. ஏனெனில், திறந்தவுடன் அது பழைய உரையாடலை வழங்கியிலிருந்து இறக்கிக்கொள்ளும். அந்த எட்டுக் குறிகளும் கூடவே வந்துவிடும்! இங்கே செயலியை எத்தனை முறை நீக்கி நிறுவி என்ன பயன்? மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விரைவில் திருத்திய பதிப்பை வெளியிட்டது. (அந்த ஸ்கைப் சேவையே 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது.)

2018 பிப்ரவரியில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. எங்கள் வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்கள் மொழியில் 'ஞானம்' என்ற சொல்லின் முதல் எழுத்து, 'ஜ்ஞா' என்ற கூட்டெழுத்து. அதை ஒரு குறிப்பிட்ட முறையில் கோத்து அனுப்பினால், ஐஃபோன், ஐபேட், ஆப்பிள் கணிப்பொறி ஆகியவற்றில் பல செய்திச் செயலிகள் சரிந்தன. அந்தக் கோவையில் ஐந்து குறியீடுகள். அவற்றில் நான்காவது, இரு எழுத்துகளை ஒட்டவிடாமல் பிரிப்பதற்கென்றே உள்ள, கண்ணுக்குத் தெரியாத குறியீடு. ஆப்பிள் நிறுவனம் பிப்ரவரி 19 அன்று திருத்தம் வெளியிட்டது.

ஓர் எழுத்தை வரைவது அவ்வளவு கடினமா என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்ப் பெயரையே பாருங்கள். 'கொடைரோடு' என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடு முறையில் கணிப்பொறிக்கு அது எட்டுக் குறியீடுகள். 'கொ' என்பது ககரமும் ஒகரக் குறியும். வரையும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து ககரத்தின் இருபுறமும் வைக்க வேண்டும். 'டை'யில் பின்னால் சேமித்த குறியை முன்னால் கொண்டுவர வேண்டும். 'ரோ' மறுபடியும் இருபுறம். 'டு'வில் குறி எழுத்தோடு ஒட்டி வடிவமே மாறுகிறது. நாம் ஒரு மூச்சில் படித்துவிடும் பெயருக்குள் இத்தனை வேலை. இதில் எங்கோ ஓரிடத்தில் கணக்குப் பிசகினால் எழுத்தர் திகைத்து நிற்பதில் வியப்பென்ன?

"வேலை நடந்தால் போதும், காரணம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். அணைத்துப் போடுவது சில நேரங்களில் சரியான மருந்துதான். 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787 விமானங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. குறித்த கால இடைவெளிகளில் விமானத்தின் மின்சாரத்தை முழுவதும் அணைத்துப் போட வேண்டும் என்பது அது. தொடர்ந்து 248 நாட்கள் மின்சாரம் ஓடினால், மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் கருவிகளுக்குள் இருக்கும் ஓர் எண்ணி நிரம்பி வழிந்து, எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிடக்கூடும் என்று ஆய்வகச் சோதனையில் கண்டிருந்தார்கள். 2-ஐ 31 முறை பெருக்கி, அதை நூறில் ஒரு பங்கு விநாடிகளாகக் கொண்டு நாளாக மாற்றிப் பாருங்கள்: 248 நாள் 13 மணி வரும். எண்ணி அப்படித்தான் எண்ணியிருக்க வேண்டும் என்று பொறியாளர்கள் பலர் ஊகித்தனர். அவர்களும் அணைத்துத்தான் போட்டார்கள். ஆனால் எதற்காக, எப்போதைக்குள் என்று தெரிந்து போட்டார்கள்.

பள்ளிக் கணிப்பொறி வகுப்புகளைப் பற்றி எனக்கு உள்ள வருத்தமும் இதுதான். எல்லாம் ஒழுங்காக இயங்கும் பொறியின் முன்னால் மாணவர்களை உட்கார வைத்து, உறுப்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். ஆசிரியர் வேண்டுமென்றே ஒரு பொறியின் வட்டை நிரப்பி வைக்கட்டும். இன்னொன்றில் வலையமைப்பு இணைப்பைத் தளர்த்தி வைக்கட்டும். மூன்றாவதில் நாள்காட்டியைப் பத்தாண்டு பின்னுக்குத் தள்ளி வைக்கட்டும். (தேதி தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாமல் போய், செயலியால் வழங்கியோடு பேச முடியாது.) ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, "என்ன கோளாறு, எப்படித் தெரியும்?" என்று கேட்கட்டும். விடையைவிட அந்த இரண்டாம் கேள்விக்கு அதிக மதிப்பெண் கொடுக்கலாம். இதற்குப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

பூக்கணக்கை அந்த அம்மாள் இப்போது ஒரு நீள நோட்டிலும் எழுதி வைக்கிறார். கணிப்பொறி போன வாரம் மறுபடியும் உறைந்தது. வட்டில் இடம் தாராளமாக இருக்கிறது. இம்முறை நூறில் நிற்பது செயலாக்கி. அதுவும் ஒரே ஒரு குழுவின் உரையாடலைத் திறக்கும்போது மட்டும். மகள் நேரத்தையும் குழுவின் பெயரையும் நோட்டில் குறித்துக்கொண்டு, எதையும் அணைக்காமல் என்னைக் கூப்பிட வந்தாள்.