பட்டியல் தீர்ப்பாகாது!

வழக்கிலே தோற்றவனுக்கு வாயில்லை என்று எந்தச் சட்டம் சொல்கிறது? எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆயினும், வேலிக்காகவும் ஒழுங்கைக்காகவும் கிணற்றுப் பங்குக்காகவும் ஆண்டுக்கணக்கில் வழக்காடச் சளைக்காத நம்மவன், "செலவுடன் தீர்ப்பு" என்ற சொல் காதில் விழுந்ததும் சோர்ந்துவிடுகிறான். எதிர்ப்பக்கம் அனுப்பும் செலவுப் பட்டியலை நீதிபதியே தம் கையால் எழுதியதாக எண்ணித் தலைகுனிந்து ஏற்கிறான். தோட்டத்தை ஈடுவைத்துப் பணம் கட்டுகிறான். இதனினும் பெரிய அறியாமை உண்டோ?

செலவை யார் கொடுப்பது என்பதே தீர்ப்பு. எவ்வளவு கொடுப்பது என்பது வேறு கேள்வி. அக்கேள்விக்கு எதிர்ப்பக்கத்துச் சட்டத்தரணி விடை கூறிவிட முடியாது.

1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையைப் பாருங்கள். வழக்குக்காக அவசியமாக ஏற்பட்ட செலவே செலவு என்கிறது அதன் 208 ஆம் பிரிவு. முத்திரை, அழைப்பாணை, பத்திரங்களின் பிரதி, சாட்சிகளின் படி, ஆணையாளரின் செலவு, சட்டத்தரணியின் கட்டணம் யாவும் அதனுள் அடங்கும். ஆனால் "அவசியமாக" என்ற அந்த ஒரு சொல்லிலேயே தோற்றவனின் காணி தங்கியிருக்கிறது. பட்டியலிலே பெயர் எழுதி, கூண்டில் ஏற்றாமலே திருப்பியனுப்பிய சாட்சிக்கு நீர் ஏன் படியளக்க வேண்டும்? ஒரே உறுதிக்கு இரண்டு பிரதி எதற்கு? எதிர்ப்பக்கம் ஆயத்தமில்லாமல் தவணை கேட்ட நாளின் செலவு உம் தலையில் எப்படி வந்தது? அந்நாட்செலவை அவர்களே உமக்குக் கொடுக்கும்படி மன்று அன்று கட்டளையிட்டிருந்தால், அப்பணம் கழிக்கப்பட்டதா? வழக்கேட்டைப் பார்த்து இவற்றைக் கேட்பது வம்பன்று, உரிமை.

214 ஆம் பிரிவு இன்னும் தெளிவானது. பட்டியலைப் பதிவாளர் இரண்டாம் அட்டவணையின் விகிதப்படி கணித்து வரையறுக்க வேண்டும். அவ்விகிதமோ வழக்கின் பெறுமதியைத் தழுவியது. எதிராளி தன் சட்டத்தரணிக்கு இலட்சம் கொடுத்தானோ, பசுவும் கன்றும் கொடுத்தானோ, அது அவனுடைய தாராளம், உம்மிடம் அறவிடத்தக்கதன்று. பதிவாளரின் கணிப்பிலே திருப்தியில்லையேல் பிணக்கு நீதிபதியிடம் செல்லும்.  ஆகவே அறிவித்தல் கிடைத்தும் அன்று போகாமல் வீட்டிலிருந்துவிட்டுப் பின்பு பிசுக்கால் வந்து காணியைக் கட்டும்போது புலம்பிப் பயனில்லை.

சட்டத்தரணிகளையும் ஒரு வார்த்தை கேட்கிறோம். அப்புக்காத்து என்றும் பிறக்கிராசி என்றும் இருந்த இரு கூட்டத்தை 1973 ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் ஒன்றாக்கியது. பெயர் மாறியது, கட்சிக்காரனிடம் பட்டியலைக் காட்டாத பழக்கம் மாறியதா? வழக்கை நடத்தியவர், தோற்றபின் "கட்டிவிடும் அண்ணை" என்று கைகழுவுவது எந்தத் தொழிற்றருமம்? வென்றவனுக்கும் குறையுண்டு என்பதை மறுக்கவில்லை. தான் உண்மையில் இறைத்த பணம் அட்டவணைப்படி அவன் கைக்குத் திரும்புவதில்லை. அதற்குப் பரிகாரம் அட்டவணையைத் திருத்தும்படி கேட்பதேயன்றிப் பட்டியலை ஊதிப் பெருப்பிப்பதன்று!

மொழியையும் மறக்கலாகாது. வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்ற மொழி தமிழென்பதை 1988 ஆம் ஆண்டின் 16 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வகுத்தது. அங்ஙனமாயின், உழவன் தான் கொடுக்கப்போகும் பணத்தின் கணக்கைத் தன் மொழியிலே, வரி வரியாக, இன்ன நாள் இன்ன செலவு என்று வாசித்தறிய வேண்டாமா? விளங்காத மொழியில் ஒரு பட்டியல் வருமாயின் அதைத் தமிழில் தரும்படி பதிவாளரிடம் எழுத்திற் கேளுங்கள். நீதி அமைச்சும் இரண்டாம் அட்டவணையைத் தமிழில் அச்சிட்டு, பருத்தித்துறை முதல் கல்முனை வரை ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றின் வாயிலிலும் ஒட்டுவிக்கட்டும். ஒரு தாளுக்கும் ஒரு சிரட்டைப் பசைக்கும் திறைசேரி வற்றிவிடாது.